299 ரூபாய் விசிட், 13,379 ரூபாய் செலவு: வீட்டுக்கே வர்ற கார் மெக்கானிக்கிட்ட நான் எங்க கோட்டை விட்டேன்?



நம்ம சேனல்ல பட்ஜெட் போடுறது எப்படி, எமர்ஜென்சி ஃபண்ட் ஏன் வேணும்னு எல்லாம் பேசுற நானே, ஒரே காலை நேரத்துல 12,000 ரூபாய்க்கு மேல தேவையில்லாம விட்டுட்டேன். வீடியோவுல சொல்ல கொஞ்சம் கூச்சமாத்தான் இருந்துச்சு. ஆனா என் ஆபீஸ்லயே ரெண்டு பேர் "எனக்கும் இதே மாதிரி ஆச்சுடா"ன்னு சொன்னதும், விவரமா எழுதிடலாம்னு முடிவு பண்ணேன்.

இது அந்த கம்பெனியைத் திட்டுறதுக்கான பதிவு இல்ல. அதனால பேரும் சொல்லல. பணம் எந்த இடத்துல, எந்தக் காரணத்தால கையை விட்டுப் போச்சுங்கிறதுதான் நமக்கு முக்கியம்.

அன்னைக்கு என்ன நடந்துச்சு?

மாசம் 24-ஆம் தேதி, புதன்கிழமை. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். 11 மணிக்கு தாம்பரம் பக்கத்துல இருக்கிற ஆஸ்பத்திரியில இருக்கணும். மேடவாக்கத்துல நாங்க இருக்கிற அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல காலை ஏழரை மணிக்கு காரை ஸ்டார்ட் பண்ணா, "டிக்... டிக்"னு சத்தம் மட்டும்தான். டேஷ்போர்டு லைட் மங்கலா எரியுது, இன்ஜின் சுத்தல.

சனிக்கிழமை காலையில கடைசியா எடுத்த வண்டி. நாலு நாளா அசையல.

போன்ல ஏற்கனவே ஒரு ஆப் இருந்துச்சு. "30 நிமிஷத்துல மெக்கானிக் உங்க வீட்டு வாசல்ல, இன்ஸ்பெக்ஷன் 299 ரூபாய் மட்டும்". உடனே புக் பண்ணேன். 8:40-க்கு ஒரு பையன் பைக்ல வந்தான். மரியாதையாப் பேசினான். "சார், பேட்டரி செத்துப்போச்சு, மாத்தித்தான் ஆகணும்"னு ரெண்டே நிமிஷத்துல சொல்லிட்டான். பேட்டரிக்கு ரெண்டரை வயசு. சரி, நியாயம்தானேன்னு தோணுச்சு. ஆப்லயே 5,400 ரூபாய் கட்டினேன். வேற ஒரு ஆள் பேட்டரியைக் கொண்டுவந்து கொடுத்துட்டு, பழைய பேட்டரியை எடுத்துட்டுப் போயிட்டார்.

வண்டி ஸ்டார்ட் ஆச்சு. அப்பாடான்னு மூச்சு விடுறதுக்குள்ள பையன் அடுத்த குண்டைப் போட்டான்.

"சார், ஆல்டர்நேட்டர்ல சார்ஜ் வரல. இப்படியே ஓட்டினா புது பேட்டரியும் ஒரு வாரத்துல போயிடும். வழியில நின்னாலும் நிக்கும். ரீகண்டிஷன் பண்ணிட்டா பிரச்சினை இல்ல. 7,000 ஆகும்."

அம்மாவைக் கூட்டிட்டுப் போற வண்டி வழியில நின்னா? அந்த ஒரு வார்த்தையிலயே நான் விழுந்துட்டேன். ஆனாலும் மாசக் கடைசி, அக்கவுண்ட்ல பெருசா எதுவும் இல்ல. நான் தயங்குறதைப் பாத்துட்டு, "ஆப்ல போட்டா கமிஷன் போயிடும் சார். எனக்கு நேரா யுபிஐ பண்ணிடுங்க, 500 குறைச்சுக்கிறேன்"னான். 6,500 அனுப்பினேன். 500 ரூபாய் மிச்சம் பண்ணிட்டோம்னு மனசுக்குள்ள ஒரு சந்தோஷம் வேற!

ஆல்டர்நேட்டரைக் கழட்டி எடுத்துட்டுப் போனான். நாங்க கேப் பிடிச்சு ஆஸ்பத்திரி போனோம். போக வர 780 ரூபாய். மத்தியானம் அபார்ட்மெண்ட் செக்யூரிட்டி அண்ணன் முன்னாடி மாட்டிட்டுப் போயிட்டான். அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. வண்டி விஷயத்தை நானும் மறந்துட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு...

நாலு நாள் வொர்க் ஃப்ரம் ஹோம். அஞ்சாவது நாள் சாவியைத் திருப்பினா, அதே "டிக்... டிக்".

ஆப்ல கூப்பிட்டா, "புது விசிட்டுக்கு 299 சார்"னு சொன்னாங்க. வேண்டாம்னு வெச்சுட்டு, மெயின் ரோட்டுல கடை வெச்சிருக்கிற ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூட்டிட்டு வந்தேன். அவர் கையில ஒரு பழைய மல்டிமீட்டர், அவ்வளவுதான்.

முதல்ல வேற பேட்டரியிலிருந்து கேபிள் கொடுத்து ஸ்டார்ட் பண்ணார். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில வெச்சு அளந்தார். 14.2 வோல்ட். "ஆல்டர்நேட்டர் நல்லா சார்ஜ் போடுதே தம்பி"ன்னார். நான் ரீகண்டிஷன் கதையைச் சொன்னதும் டார்ச் அடிச்சுக் காட்டினார். வண்டியோட சேர்த்து மாட்டுற போல்ட்ல மட்டும் ஸ்பேனர் பட்ட அடையாளம் இருந்துச்சு. ஆல்டர்நேட்டரோட கூட்டைப் பிரிக்கிற ஸ்க்ரூ மேல பழைய மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் அப்படியே காய்ஞ்சு கிடக்கு. "இதைக் கழட்டி மாட்டியிருக்காங்க. உள்ளே திறக்கவே இல்ல."

6,500 ரூபாய் கொடுத்து என் ஆல்டர்நேட்டரை பைக்ல ஒரு ரவுண்டு அனுப்பி வெச்சிருக்கேன்!

அப்போ உண்மையான பிரச்சினை என்ன? இன்ஜினை ஆஃப் பண்ணி, கதவைச் சாத்தி, கொஞ்ச நேரம் விட்டுட்டு, பேட்டரியிலிருந்து எவ்வளவு கரண்ட் வெளிய போகுதுன்னு பாத்தார். 0.32 ஆம்பியர். நிறுத்தி வெச்ச காருக்கு இது ரொம்ப அதிகம். ஃப்யூஸை ஒவ்வொண்ணா பிடுங்கிட்டே வந்தார். ஒரு ஃப்யூஸை எடுத்ததும் 0.02-க்கு இறங்கிடுச்சு.

அது நான் ரெண்டு மாசம் முன்னாடி ஆன்லைன்ல ஆஃபர்ல வாங்கி மாட்டின டேஷ்கேம்! வண்டி நிக்கும்போதும் ரெக்கார்டு பண்ற 'பார்க்கிங் மோடு' ஆன்ல இருந்திருக்கு. பேட்டரி இறங்கினா தானா அணையற வசதி இல்லாத, விலை குறைஞ்ச வயரிங் கிட். ஆக, ஆரம்பம் என் தப்புதான்.

கணக்கு போட்டா நமக்கே புரியும். டேஷ்கேம் இழுக்கிறது 0.3 ஆம்பியர். ஒரு நாளைக்கு 24 மணி நேரம்னா 7.2 ஆம்பியர் ஹவர். நாலு நாளைக்கு 28.8. என் கார் பேட்டரியோட மொத்தக் கொள்ளளவே 35 ஆம்பியர் ஹவர். நாலு நாள் நிறுத்தி வெச்சா எந்தப் புது பேட்டரி இருந்தாலும் காலிதான்.

டேஷ்கேம் வயரை மாத்திப் போட்டு, அண்ணன் வாங்கினது 400 ரூபாய்.

"பழைய பேட்டரி உண்மையிலேயே போயிடுச்சாண்ணே?"ன்னு கேட்டேன். "சார்ஜ் போட்டுப் பாத்திருந்தா தெரியும். இப்போ அது எங்க இருக்கோ"ன்னார். பழசை நான் கொடுத்து அனுப்பிட்டதால, அதை நிரூபிக்கிற வழியும் அதோட போயிடுச்சு.

மொத்தக் கணக்கு

- இன்ஸ்பெக்ஷன்: 299
- பேட்டரி: 5,400
- ஆல்டர்நேட்டர் 'ரீகண்டிஷன்': 6,500
- கேப்: 780
- எலக்ட்ரீஷியன்: 400
- மொத்தம்: 13,379 ரூபாய்

இதுல உண்மையிலேயே தேவைப்பட்டது அந்தக் கடைசி 400 ரூபாய்தான். கூடவே ஒரு ஜம்ப் ஸ்டார்ட்.

இதைவிட வலிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. அடுத்த மாசம் இன்சூரன்ஸ் ரெனியூவலுக்காக பழைய பாலிசியைத் திறந்து பாத்தேன். ஆட்-ஆன் லிஸ்ட்ல 'ரோடு சைடு அசிஸ்டன்ஸ்'. ரெண்டு வருஷமா அதுக்குப் பணம் கட்டிட்டு இருக்கேன். பேட்டரி இறங்கிப் போனா ஆள் வந்து ஜம்ப் ஸ்டார்ட் பண்ணித் தர்றதும் அதுல அடக்கம். ஒரு போன் பண்ணியிருந்தா கைக்காசு செலவில்லாம வண்டி கிளம்பியிருக்கும். நான் வாங்கி வெச்ச சேவையை எனக்கே தெரியல.

நீங்க இதைப் படிச்சு முடிச்சதும் செய்ய வேண்டிய முதல் வேலை: உங்க கார் அல்லது பைக் பாலிசியைத் திறந்து, இந்த ஆட்-ஆன் இருக்கான்னு பாருங்க. இருந்தா அந்த ஹெல்ப்லைன் நம்பரை போன்ல சேவ் பண்ணுங்க. புது கார்னா கம்பெனியே கொடுத்த ரோடு சைடு அசிஸ்டன்ஸும் இருக்கலாம். ஓனர் மேனுவலோட வந்த கார்டைப் பாருங்க.

நான் பண்ண மூணு தப்பு

1. நோய் சொன்னவர்கிட்டயே மருந்தும் வாங்கினேன். எது ரிப்பேர்னு சொல்றவரும், அந்தப் பார்ட்டை விக்கிறவரும் ஒரே ஆள். அந்தப் பையன்கிட்ட அப்புறமா போன்ல பேசினேன். முதல்ல சண்டை போட்டான். கடைசியில, "299-ல என் கைக்கு வர்றது பெட்ரோலுக்கே பத்தாது சார். பார்ட் வித்தாத்தான் எனக்கு சம்பளம்"னான். கோபம் போகல, ஆனா விஷயம் புரிஞ்சுது. விசிட் சார்ஜ் மலிவா இருக்கிற இடத்துல, வருமானம் வேற எங்கிருந்தோ வந்தாகணும். வீட்டுக்கு வர்ற எல்லா மெக்கானிக்கும் ஏமாத்துறவங்கன்னு நான் சொல்லல. ஆனா 'எதுவும் மாத்த வேண்டாம் சார்'னு சொன்னா நஷ்டப்படுற ஒருத்தர்கிட்ட, மாத்தணுமான்னு கேட்டிருக்கேன்.

2. அவசரத்துல பெரிய முடிவு எடுத்தேன். பேட்டரி மாத்தினதும் வண்டி ஓடிடுச்சு. ஆல்டர்நேட்டரை அன்னைக்கே பாக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. கேப்ல போயிட்டு, மறுநாள் இன்னொருத்தர்கிட்ட காட்டியிருக்கலாம். எப்படியும் கேப்லதான் போனோம்!

3. 500 ரூபாய்க்காக ஆதாரத்தை வித்தேன். ஆப்புக்கு வெளிய பணம் அனுப்பின அந்த நிமிஷமே பில் இல்ல, வாரண்டி இல்ல, ஆப் கம்பெனிக்குப் பொறுப்பும் இல்ல. யுபிஐல நாமளே பின் போட்டு அனுப்பின பணத்தை, 'வேலை சரியில்ல'ன்னு சொல்லி வங்கிகிட்ட திரும்பக் கேட்க முடியாது. அதே பணத்தை ஆப்ல கிரெடிட் கார்டுல கட்டியிருந்தா, கார்டு வங்கியில டிஸ்பியூட் போட்டுப் பாக்கவாவது ஒரு வழி இருந்திருக்கும்.

பணத்தைத் திரும்ப வாங்க என்ன பண்ணேன்?

முதல்ல ஆதாரம் சேர்த்தேன். அதிர்ஷ்டவசமா, '7,000 ஆகும்'னு பையன் வாட்ஸ்அப்ல அனுப்பின மெசேஜ் இருந்துச்சு. அதோட யுபிஐ ஸ்க்ரீன்ஷாட், திறக்காத ஸ்க்ரூவோட போட்டோ, எலக்ட்ரீஷியன் அண்ணன் 14.2 வோல்ட், 0.32 ஆம்பியர்னு குறிச்சு, தேதி போட்டுக் கொடுத்த பில்.

அடுத்து ஆப் கஸ்டமர் கேர். சாட்ல மூணு நாள் இழுத்தாங்க. "நாங்க வெறும் ப்ளாட்ஃபார்ம்தான், ஆல்டர்நேட்டர் வேலை எங்க பில்ல இல்ல"ன்னு முடிச்சுட்டாங்க.

இங்கதான் நிறைய பேர் விட்டுடுவோம். விடாதீங்க. 2020-ல வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள்படி, இப்படிப்பட்ட ஆன்லைன் கம்பெனிகள் ஒரு குறைதீர் அதிகாரியை வெச்சிருக்கணும். அவரோட பேரும் தொடர்பு விவரமும் தளத்துல இருக்கணும். புகார் கிடைச்சதை 48 மணி நேரத்துக்குள்ள ஒப்புக்கணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்வு சொல்லணும். ஆப்போட அடியில சின்ன எழுத்துல அந்த ஈமெயில் இருந்துச்சு. நடந்ததைத் தேதி வாரியா ஒரு பக்கத்துல எழுதி அனுப்பினேன். உங்க ஆள், உங்க புக்கிங்ல வந்தப்போதான் இந்த வேலையும் நடந்துச்சுங்கிறதை அழுத்திச் சொன்னேன். செய்த வேலைக்கு பில் கொடுக்காம இருக்கிறதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல 'நியாயமற்ற வணிக முறை'ன்னு வருது. அதையும் எழுதினேன்.

கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் பதிவு பண்ணேன். இது இலவசம். ஒண்ணைப் புரிஞ்சுக்கோங்க, இது கோர்ட் இல்ல. நம்ம புகாரை கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தர்ற இடம். தீர்ப்பு சொல்லாது. ஆனா சாட்ல கண்டுக்காதவங்க, புகார் எண் வந்ததும் அவங்களே போன் பண்ணாங்க.

முதல்ல 3,000 ரூபாய் கூப்பன் தர்றேன்னாங்க. அதே ஆப்ல மறுபடி செலவு பண்ண கூப்பனா? வேண்டாம்னுட்டேன். கடைசியில 4,000 ரூபாய் அக்கவுண்ட்டுக்கே திரும்ப வந்துச்சு.

அதுக்கு மேல மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. 50 லட்சம் ரூபாய் வரைக்கும் கொடுத்த விலை சம்பந்தப்பட்ட வழக்குகள் அங்கே போகும். 5 லட்சம் வரை தாக்கல் கட்டணமே இல்ல. வக்கீல் கட்டாயமில்ல. கம்பெனி ஹெட் ஆபீஸ் எந்த ஊர்ல இருந்தாலும், நாம வசிக்கிற அல்லது வேலை பாக்கிற ஊர்லயே போடலாம். 'இ-ஜாக்ரிதி' தளத்துல ஆன்லைன்லயும் தாக்கல் பண்ணலாம். பிரச்சினை நடந்து ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும்.

நான் அங்கே போகல. மிச்சம் 2,500 ரூபாய், என்கிட்ட பில்லும் இல்ல. அதுக்கு நான் செலவு பண்ண வேண்டிய நாட்களைக் கணக்கு பாத்து நிறுத்திட்டேன். உங்க தொகை பெருசா இருந்து, ஆதாரமும் பக்காவா இருந்தா கண்டிப்பா போங்க.

அடுத்த முறை மெக்கானிக் வீட்டுக்கு வந்தா...

1. முதல்ல ரோடு சைடு அசிஸ்டன்ஸ், அப்புறம்தான் ஆப். வண்டியைக் கிளப்புறது ஒரு வேலை, ரிப்பேர் பண்றது வேற வேலை. கிளம்பினதும் நிதானமா கடைக்குக் கொண்டு போங்க.

2. அளந்து காட்டச் சொல்லுங்க. மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. வண்டி நின்னு சில மணி நேரம் கழிச்சு, நல்லா சார்ஜ் இருக்கிற பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழன்னா சார்ஜ் இறங்கிடுச்சுன்னு அர்த்தம். சார்ஜ் இறங்கினது வேற, பேட்டரி செத்துப்போனது வேற. இன்ஜின் ஓடும்போது பொதுவா 13.8 முதல் 14.5 வரை காட்டினா ஆல்டர்நேட்டர் சார்ஜ் போடுதுன்னு எடுத்துக்கலாம். சில புது கார்கள்ல கம்ப்யூட்டரே சார்ஜைக் கூட்டிக் குறைக்கும், அங்கே இந்த அளவு மாறலாம்.

3. 2,000 ரூபாய்க்கு மேலன்னா ரெண்டாவது ஆள். இது நான் எனக்கு வெச்சுக்கிட்ட லிமிட். உங்க லிமிட்டை நீங்க முடிவு பண்ணுங்க. ஆனா வண்டி ரிப்பேர் ஆகுறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணி வைங்க.

4. எஸ்டிமேட் எழுத்துல. பார்ட் விலை தனி, லேபர் தனி. வாட்ஸ்அப் மெசேஜா இருந்தாலும் போதும். எனக்கு 4,000 வாங்கித் தந்தது அந்த ஒரு மெசேஜ்தான்.

5. பழைய பார்ட் நம்ம சொத்து. கழட்டினதைக் கையில வாங்கிப் பாருங்க. பழைய பேட்டரிக்கு ஈயத்துக்காகவே விலை உண்டு. எக்ஸ்சேஞ்ச்ல கொடுத்தா அந்தத் தொகை பில்ல கழிஞ்சிருக்கணும். என் பில்ல கழியவே இல்ல, நானும் கவனிக்கல.

6. புது பேட்டரின்னா சீரியல் நம்பர், தயாரிச்ச மாசம், வாங்கின தேதி போட்ட வாரண்டி, மூணையும் அங்கேயே சரிபாருங்க.

7. பில்ல ஜிஎஸ்டி போட்டிருந்தா 15 இலக்க ஜிஎஸ்டி நம்பர் இருக்கணும். தமிழ்நாட்டுப் பதிவுன்னா 33-ல ஆரம்பிக்கும். ஜிஎஸ்டி தளத்துல போட்டா யார் பேர்ல இருக்குன்னு தெரிஞ்சிடும். பதிவு பண்ணாத சின்னக் கடை ஜிஎஸ்டி இல்லாம பில் கொடுக்கிறது தப்பில்ல. பதிவே இல்லாம ஜிஎஸ்டி வசூல் பண்றதுதான் தப்பு.

8. பார்ட்டைக் கழட்டி வெளிய கொண்டு போக விடாதீங்க. கொண்டு போய்த்தான் ஆகணும்னா போட்டோ எடுத்து, எந்தக் கடைன்னு கேட்டு, நீங்களும் கூடப் போங்க. கார் இன்னும் கம்பெனி வாரண்டியில இருந்தா ஆத்தரைஸ்டு சர்வீஸ் சென்டர்ல ஒரு வார்த்தை கேட்காம யாரையும் கை வைக்க விடாதீங்க.

கார் ஃபண்ட்: இதுதான் நிரந்தரத் தீர்வு

கார் வாங்கும்போது நாம எல்லாரும் ஈஎம்ஐ எவ்வளவுன்னு மட்டும்தான் பாக்கிறோம். நான் என் ஒரு வருஷச் செலவை எழுதிப் பாத்தேன். இன்சூரன்ஸ் 11,000, ரெண்டு சர்வீஸ் 12,000, டயருக்கும் பேட்டரிக்கும் வருஷத்துக்கு ஒதுக்க வேண்டியது 9,000, எதிர்பாராத ரிப்பேர் 10,000. மொத்தம் 42,000. மாசத்துக்கு 3,500 ரூபாய்.

இப்போ சம்பளம் வந்த மறுநாளே இந்த 3,500 ஒரு தனி ரெக்கரிங் டெபாசிட்டுக்குப் போயிடுது. எமர்ஜென்சி ஃபண்டைத் தொடுறதில்ல. அது வேலை போனா, உடம்புக்கு முடியாம போனா எடுக்கிறதுக்கு. கார் ரிப்பேர் ஆகும்னு முன்னாடியே தெரியும், எப்போங்கிறதுதான் தெரியாது. அதனால அதுக்குத் தனி உண்டியல்.

அந்தப் புதன்கிழமை காலையில இந்தப் பணம் தனியா இருந்திருந்தா, 500 ரூபாய் குறையுதேன்னு பில் இல்லாம யுபிஐ பண்ணியிருக்க மாட்டேன். மாசக் கடைசிப் பதற்றம்தான் என்னை அந்தத் தள்ளுபடிக்குத் தலையாட்ட வெச்சுது. கையில காசு இருக்கிறவன் 'நாளைக்குப் பாத்துக்கலாம்'னு சொல்ல முடியும். கார் ஃபண்டோட உண்மையான லாபம் வட்டி இல்ல, அந்த ஒரு வார்த்தையைச் சொல்ற தைரியம்.

போன வாரம் அம்மாவை கண் செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போனேன். வண்டி ஒரே சாவியில ஸ்டார்ட் ஆச்சு. "அந்த ஆல்டரோ என்னமோ, அது இப்போ நல்லா இருக்காடா?"ன்னு அம்மா கேட்டாங்க. "அது எப்பவுமே நல்லாத்தான்மா இருந்துச்சு"ன்னேன்.

உங்க பாலிசியில ரோடு சைடு அசிஸ்டன்ஸ் இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. கார் வெச்சிருக்கிற ஒரு நண்பருக்கு இதை அனுப்புங்க. அடுத்த பதிவுல, கார் இன்சூரன்ஸ் ஆட்-ஆன்கள்ல எது தேவை, எது வீண் செலவுன்னு ஒவ்வொண்ணா பாக்கலாம்.